வயதான நாய்க்கு முழங்கால் சத்திரசிகிச்சை: செய்வதா, விடுவதா?

பத்து வயது நாய் ஒன்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நிற்கத் தொடங்கினால் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "கிழட்டு நாய்க்கு என்னத்துக்கு ஒப்பரேசன், பாவம், வருத்தாதேங்கோ" என்று ஒரு பக்கம். "பத்து வருசம் வாசலைக் காத்தது, எவ்வளவு செலவானாலும் பாப்பம்" என்று மறுபக்கம். இரண்டு பேருமே அன்பில்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு பேரும் வயதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த முடிவில் வயதுக்குப் பின்வரிசையில்தான் இடம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு இருக்கின்றன. நாயின் எடை என்ன? மற்றக் கால் எப்படி இருக்கிறது? இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது? மூன்று மாதம் அதை ஓரிடத்தில் அடக்கி வைத்துப் பார்க்க வீட்டில் ஆள் உண்டா?

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் சேரும். எலும்பு வெட்டிச் செய்யும் பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனைக்கோ கொழும்புக்கோ போகும் யோசனையோடுதான் தொடங்கவேண்டி வரும். ஆகவே இங்கிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு வழியும் எப்படித் தெரிகிறது என்பதையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

முதலில், அது முழங்கால்தானா?

நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்பக்கமாகச் சரிந்திருக்கும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தொடையெலும்பு அந்தச் சரிவில் பின்னோக்கி வழுக்கப் பார்க்கும். அதை வழுக்கவிடாமல் பிடித்திருப்பது மூட்டுக்குள் குறுக்காக ஓடும் சிலுவை நார். கரையில் சரிவாக ஏற்றிய வள்ளத்தை ஒற்றைக் கயிறு பிடித்திருப்பதைப் போன்ற வேலை அது. மனிதருக்கு இந்த நார் பெரும்பாலும் பந்து விளையாடும்போது ஒரே இழுவையில் அறும். நாய்க்கு அப்படியில்லை. மாதக்கணக்காக இழை இழையாகத் தேய்ந்து, ஒருநாள் படியில் இறங்கும்போதோ பூனையைத் துரத்தும்போதோ மீதியும் போய்விடும். "நேற்று மட்டும் நல்லா ஓடினதே" என்று நாம் சொல்லும் நாளில் மூட்டு ஏற்கனவே பழுதாகத் தொடங்கியிருக்கும்.

வீட்டிலேயே சில அடையாளங்களைப் பார்க்கலாம். சிலுவை நார் போன நாய் இரண்டு காலையும் மடக்கிச் சதுரமாக உட்காராது. பழுதான காலைப் பக்கவாட்டில் நீட்டிப் போட்டபடி உட்காரும். நிற்கும்போது விரல் நுனி மட்டும் நிலத்தில் பட்டிருக்கும். நாய்க்குப் பின்னால் முழங்காலிட்டு, இரண்டு தொடையையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். நொண்டுகிற பக்கத்துத் தசை மெலிந்திருந்தால் பிரச்சினை இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல. முழங்காலின் உட்பக்கத்தில் கட்டியாக ஏதும் தட்டுப்பட்டால் அதுவும் பழைய நோவின் அடையாளம்தான்.

வைத்தியர் தொடையெலும்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறுகையால் கீழ்க்கால் எலும்பை முன்னே தள்ளிப் பார்ப்பார். மேசை லாச்சி திறப்பதுபோல் எலும்பு முன்னால் வந்தால் நார் அறுந்திருக்கிறது. பெரிய நாய்கள் பயத்தில் தசையை இறுக்கிக்கொள்ளும். அப்போது அசைவு தெரியாது, லேசான மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை தள்ளிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டாலும் நொண்டல் தொடர்ந்தால் மயக்கம் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வயதான நாய்க்கு எக்ஸ்ரே கட்டாயம். எக்ஸ்ரேயில் நார் தெரியாது. மூட்டில் நீர் கோத்திருப்பதும் எலும்பு ஓரங்களில் முள் வளர்ந்திருப்பதும்தான் தெரியும். ஆனாலும் கட்டாயம் என்று சொல்வதற்குக் காரணம், பெரிய இன நாய்களுக்கு முதுமையில் வரும் எலும்புப் புற்றுநோயும் இதே நொண்டலோடுதான் தொடங்கும். அதைத் தவறவிட்டு முழங்காலில் கத்தி வைப்பதைவிடக் கொடுமை இல்லை. சின்ன நாய்களில் முழங்கால் சில்லு விலகுவதும் உண்டு. அந்த நாய்கள் நாலடி நடந்து, ஓரடி துள்ளி, பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடும். அது வேறு நோய், அதற்குச் சிகிச்சையும் வேறு.

அப்புறம், உண்ணி. நம் பக்கத்தில் உண்ணி ஏறாத நாயைக் காண்பது அரிது. உண்ணிக் காய்ச்சலும் மூட்டை வீங்க வைத்து நாயை நொண்டச் செய்யும். அதைவிட முக்கியம், எர்லிக்கியா என்ற கிருமி இரத்தத் தட்டுக்களைக் குறைத்துவிடும். தட்டுக்கள் குறைந்த நாயை வெட்டினால் இரத்தம் நிற்காது. ஆகவே எந்த முடிவுக்கும் முன்னால் இரத்தப் பரிசோதனை வேண்டும். தட்டுக்கள், சிறுநீரகம், ஈரல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் இந்தப் பணம் வீணாகாது, வலி மருந்து கொடுக்கவும் இதே விபரம்தான் தேவை.

வெட்டாமல் பார்ப்பது

இந்த வழியைப் பலர் "ஒன்றும் செய்யாமல் விடுவது" என்று நினைக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் விடுவது வேறு, வெட்டாமல் வைத்தியம் பார்ப்பது வேறு. முன்னையதை யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

1984இல் வெளியான ஓர் ஆய்வை இன்றும் வைத்தியர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். 85 நாய்களை அறுவையில்லாமல் கவனித்ததில், 15 கிலோவுக்கு உட்பட்டவற்றில் ஏறக்குறைய 85 வீதம் தேறின அல்லது முற்றாகச் சரியாகின. 15 கிலோவுக்கு மேற்பட்டவற்றில் அப்படித் தேறியவை 20 வீதத்துக்கும் குறைவு. எடைதான் முதல் கேள்வி என்று நான் சொல்வது இதனால்தான். ஏழெட்டுக் கிலோ பொமரேனியன் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பார்ப்பதுதான் புத்தி. முப்பது கிலோ லப்ரடோர் என்றால் அதே பொறுமை நாயின் மூட்டைத் தின்னும்.

பெரிய நாய்களுக்கும் கதை முடிந்துவிடவில்லை. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில் எடை கூடிய 40 நாய்களை எடுத்து, எல்லாவற்றுக்கும் எடைக்குறைப்பும் உடற்பயிற்சியும் வலி மருந்தும் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் சத்திரசிகிச்சையும் செய்தார்கள். ஓராண்டு முடிவில் வெட்டியவற்றில் 75 வீதம் நல்ல பலன் கண்டன. வெட்டாதவற்றில் ஏறக்குறைய 64 வீதம். வித்தியாசம் உண்டுதான். ஆனால் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒன்றைக் கவனியுங்கள், அந்த 64 வீதம் சும்மா கிடந்து வரவில்லை, கவனமாகச் செய்த வைத்தியத்தால் வந்தது.

அந்த வைத்தியத்தில் முதல் வேலை எடை. மூட்டுத் தேய்வுள்ள பருத்த நாய்கள் உடல் எடையில் 6 வீதம் போல் குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியக் குறைகிறது. 32 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோ. நம் வீடுகளில் நாய் பருப்பது சோற்றால் மட்டுமல்ல. காலையில் அப்பா பாண் விளிம்பைப் பிய்த்துப் போடுவார், பின்னேரம் அம்மா தேத்தண்ணியோடு பிஸ்கட் கொடுப்பா, இரவில் பிள்ளைகள் மிச்சச் சோற்றையும் சொதியையும் வழித்துப் போடுவார்கள். யாரும் அதிகம் கொடுக்கவில்லை, எல்லோரும் கொடுக்கிறார்கள். ஒரே ஆள், ஒரே கோப்பை, ஒரே அளவு என்று வீட்டில் பேசி முடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 48 லப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வொன்றில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. எந்தச் சத்திரசிகிச்சையாலும் வாங்க முடியாத இரண்டு வருடம் அது.

சூடை மீன் மலிவாகக் கிடைக்கும் ஊர் நம்முடையது. மூட்டுக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்பு அதில் உண்டு. உப்பு, தூள் போடாமல் அவித்து, முள் எடுத்து, சோற்றைக் குறைத்துக் கொடுக்கலாம். மூட்டு மாத்திரை என்று விற்கப்படும் குளுக்கோசமினில் நான் பெரிய நம்பிக்கை வைக்கமாட்டேன். அதற்கான சான்று பலவீனமானது.

வலி மருந்து வைத்தியர் எழுதித்தான் வரவேண்டும். கார்ப்ரோபென், மெலொக்சிகாம் போன்றவை நாய்க்குப் பழக்கமானவை. இவற்றோடு பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டைச் சேர்க்கவே கூடாது. வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டில் வெறுப்பு என்று எது தெரிந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். வீட்டில் கிடக்கும் டைக்ளோபினாக்கையோ இபுப்ரோபனையோ "சின்னத் துண்டுதானே" என்று கொடுத்துவிடாதீர்கள். நாயின் இரைப்பையில் அது புண் வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நடை குறுகியதாக, கயிற்றில், மெதுவாக இருக்கவேண்டும். மாபிள் பதித்த வீடு என்றால் நாய் போய்வரும் வழியில் சாக்கோ றபர் விரிப்போ போடுங்கள். வழுக்கும் நிலத்தில் எழும்பும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் திருகும். கடற்கரைக்குக் கூட்டிப்போவதானால் காய்ந்த மணலில் வேண்டாம். கால் புதைந்து புதைந்து எழும்போது முழங்காலுக்குப் பாரம் கூடும். அலை நனைத்து இறுகிய ஈர மணல் நல்லது.

முழங்கால் பட்டி பற்றியும் கேட்கிறார்கள். நாயின் தொடை கூம்பு வடிவம், பட்டி வழுகி இறங்கும், தோலை உரசிப் புண்ணாக்கும். மயக்க மருந்தே கொடுக்க முடியாத நாய்க்கு, அளவெடுத்துச் செய்ய ஆள் இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அந்தப் பணத்தைச் சேர்த்து வைக்கச் சொல்வேன்.

வெட்டுவதானால், எதை?

இரண்டு வகையைப் புரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, அறுந்த நாருக்குப் பதிலாக மூட்டுக்கு வெளியே பலமான நைலோன் நூலை இழுத்துக் கட்டுவது. எலும்பை வெட்டுவதில்லை, செலவு குறைவு, விசேட உபகரணம் அதிகம் வேண்டாம். அந்த நூல் காலம் முழுக்கத் தாங்காது, சில மாதங்களில் தளரும் அல்லது அறும். அதற்குள் மூட்டைச் சுற்றி வளரும் தழும்புத் திசு மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. சின்ன நாய்க்கும், அடங்கி நடக்கும் நடுத்தர நாய்க்கும் இது நன்றாகவே ஒத்துவரும். பாரமான, துள்ளுகிற நாயில் தழும்பு இறுகுமுன் நூல் போய்விடும்.

மற்றது, கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக வெட்டி, அந்தச் சரிவைச் சமமாகும்படி திருப்பி, தகடும் திருகாணியும் போட்டு இறுக்குவது. டி.பி.எல்.ஓ. என்று சொல்வார்கள். அமெரிக்க மிருக வைத்தியர் பார்க்லே ஸ்லோகம் 1993இல் இதைப் பற்றி எழுதினார். நாரைத் திருப்பிக் கட்டாமல், நார் தேவைப்படாதபடி மூட்டின் கோணத்தையே மாற்றிவிடுவதுதான் இதன் யோசனை. பெரிய நாய் இதில் சீக்கிரமாகவும் திடமாகவும் காலை ஊன்றும். ஆனால் விசேட வாள், தகடு, பயிற்சி பெற்ற கை எல்லாம் வேண்டும். செலவும் அதற்கேற்ப ஏறும். தகட்டில் கிருமி தொற்றினால் எலும்பு கூடிய பின் தகட்டைக் கழற்ற இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

எந்த வகையானாலும் மூட்டுத் தேய்வு அதோடு நின்றுவிடாது, மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். "ஒருமுறை வெட்டிவிட்டால் பழைய முழங்கால்" என்று யாரும் வாக்குக் கொடுத்தால் நம்பவேண்டாம்.

சத்திரசிகிச்சைக்கு ஆதரவாக எனக்குப் படும் பலமான காரணம் இதுதான். மூட்டுக்குள் மெனிஸ்கஸ் என்று குருத்தெலும்பு மெத்தை ஒன்று இருக்கிறது. தளர்ந்த மூட்டு ஆடும்போது அது நசுங்கிக் கிழியும். கிழிந்தால் நடக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், சில நாய்களில் கேட்காமலும் இருக்கும். இந்த வலி ஓய்வால் ஆறுவதில்லை, மருந்துக்கும் சரியாக மசியாது. மூட்டைத் திறந்து கிழிந்த துண்டை எடுத்தால்தான் நாய்க்கு நிம்மதி. ஆகவே கொஞ்சம் தேறி வந்த நாய் திடீரென்று மறுபடி காலைத் தூக்கிவிட்டால், வெட்டாமல் பார்ப்போம் என்ற முடிவைத் திரும்ப எடுத்துப் பேசவேண்டும்.

மயக்க மருந்துப் பயத்துக்கும் கணக்குண்டு. பிரிட்டனில் செய்து 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஆரோக்கியமான நாய்களில் மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் ஏறக்குறைய 2000இல் ஒன்று. நோயுள்ள நாய்களில் 75இல் ஒன்று. முதுமை அபாயத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் இருதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் பத்து வயது நாய், சிறுநீரகம் கெட்ட ஏழு வயது நாயைவிடப் பத்திரமான இடத்தில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

என் அனுபவத்தில் பலர் சத்திரசிகிச்சை நாளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு, அதற்குப் பின்னால் வரும் வாரங்களை யோசிப்பதில்லை. வெட்டிய எலும்பு ஒன்றுசேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும். அவ்வளவு நாளும் ஓட்டம் இல்லை, படி இல்லை, கதிரையில் ஏறுவது இல்லை. சலம் கழிக்கக்கூடக் கயிற்றில்தான். தெருவில் மாடு போனால் கேற் வரை பாய்ந்து குரைக்கும் நாயை விறாந்தையின் ஒரு மூலையில் தடுத்து வைக்கவேண்டும். அதற்குத் தினமும் வீட்டில் நிற்கும் ஆள் ஒருவர் தேவை. முப்பது கிலோ நாயின் வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்து, இரு பக்கமும் தூக்கிப் பிடித்தபடி முற்றத்துக்குக் கொண்டுபோக முதுகில் பலமும் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, எழுபது வயதுத் தம்பதி மட்டும் இருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய. அந்த வீட்டில் உதவிக்கு ஆள் இல்லையென்றால், பணம் இருந்தாலும் பெரிய சத்திரசிகிச்சையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டாம் வாரம் நாய் உடைத்துக்கொண்டு ஓடினால் தகடு வளையும், திருகாணி கழரும். அதைத் திருத்துவது முதல் சத்திரசிகிச்சையைவிடக் கடினம்.

மற்றக் காலையும் மறக்கக்கூடாது. ஒரு முழங்கால் போன நாய்களில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை, ஓரிரு வருடத்தில் மற்றதையும் இழக்கின்றன. உள்ள பணம் முழுவதையும் முதல் காலிலேயே முடிப்பது சரியா என்று யோசிக்க வேண்டும். மாறாக, இரண்டு காலும் ஏற்கனவே பழுதென்றால், ஒன்றையாவது நிலையாக நிற்க வைக்காமல் நாயால் எழும்பவே முடியாமல் போகலாம். அங்கே சத்திரசிகிச்சையின் மதிப்புக் கூடுகிறது.

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாகப் பேராதனைக்கு 180 கிலோமீற்றருக்கு மேல். கொழும்பு ஏறக்குறைய 260. பரிசோதனைக்கு ஒருமுறை, சத்திரசிகிச்சைக்கு ஒருமுறை, எட்டு வாரத்தில் எக்ஸ்ரே பார்க்க ஒருமுறை. தையல் பிரிப்பதையும் இடையில் எக்ஸ்ரே எடுப்பதையும் இங்குள்ள வைத்தியரிடம் செய்யலாமா என்று முன்கூட்டியே கேட்டால் ஒரு பயணமாவது மிச்சமாகும். வானில் பின் ஆசனத்தை மடித்து மெத்தை போட்டு, விடியற்காலையில் புறப்படுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் நாய் களைத்துப்போகும்.

நாள் குறிக்கும் வசதி இருந்தால் மாரியைத் தவிர்க்கச் சொல்வேன். ஈர முற்றமும் சேற்றுப் படியும் புதிதாக வெட்டிய காலுக்கு எதிரி. பங்குனி, சித்திரையில் செய்தால், எலும்பு கூடி வைத்தியர் அனுமதி கொடுக்கும் நேரம் நம் கடல் குளம்போல் கிடக்கும். உப்புவெளிப் பக்கம் காலையில் இடுப்பளவு தண்ணீரில், மிதவைச் சட்டையோடு, பிடித்தபடி ஐந்து நிமிடம் நீந்த விடுவது மெலிந்த தொடைக்கு அருமையான பயிற்சி. உள்ளே தூக்கிக்கொண்டு போய் வெளியே தூக்கிக்கொண்டு வாருங்கள். கரையேறி உதறிவிட்டு மணலில் பாய்வதுதான் ஆபத்து. உப்புத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

நான் எப்படி முடிவெடுப்பேன்

15 கிலோவுக்கு உட்பட்ட நாய், எந்த வயதானாலும்: முதலில் வெட்டாமல் எட்டு வாரம். அதற்குப் பிறகும் காலை ஊன்றாவிட்டால், அல்லது மெனிஸ்கஸ் சந்தேகம் இருந்தால், நூல் கட்டும் சத்திரசிகிச்சை.

25 கிலோவுக்கு மேல், எட்டு ஒன்பது வயது, இரத்தம் சுத்தம், இருதயம் நன்று, வீட்டில் ஆளும் உண்டு: டி.பி.எல்.ஓ. செய்யும் இடத்தைத் தேடுவேன், மாதக்கணக்கில் தள்ளிப்போட மாட்டேன்.

அதே எடை, பதின்மூன்று வயது, சிறுநீரகம் தளர்ந்தது, இடுப்பும் பழுது: வெட்டமாட்டேன். எடையைக் குறைத்து, அந்தச் சிறுநீரகத்துக்கு ஏற்ற வலி மருந்தை வைத்தியரிடம் கேட்டு, விரிப்புப் போட்டு, துவாயால் தாங்கிப் பார்ப்பேன். யாரும் இதைக் கைவிடுதல் என்று சொன்னால் காதில் போடவேண்டாம்.

கடினமான முடிவு நம் ஊர் நாய்க்குத்தான். பதினாறு பதினெட்டுக் கிலோ, பத்து வயது, ஒட்டிய வயிறு, இரும்புத் தசை. 15 கிலோக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. ஆனால் ஆய்வுகளில் வரும் பருத்த நாய்களைப் போன்றதல்ல. இதற்கு நான் ஆறு வாரம் கட்டுப்பாடாக வைத்துப் பார்ப்பேன். வாரத்துக்கு ஒருமுறை அது நடப்பதைப் பக்கவாட்டில் இருந்து போனில் வீடியோ எடுப்பேன், தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தேறுவதும் தேய்வதும் தெரியாது. மூன்றாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் நூல் கட்டும் சத்திரசிகிச்சைக்குப் போவேன்.

வானுக்குச் சொல்வதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவு, நடக்கும் வீடியோ மூன்றையும் அனுப்பிவிட்டு, எந்த வகைச் சத்திரசிகிச்சை செய்வார்கள், மாதத்தில் எத்தனை செய்கிறார்கள், மூட்டைத் திறந்து மெனிஸ்கஸைப் பார்ப்பார்களா, தகடு பழுதானால் மறுசிகிச்சைச் செலவு யாருடையது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். கேட்டுவிட்டுப் பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.